சாய்ந்த கோடு என்ன பாவம் செய்தது?

பாப்பாரப்பட்டி பக்கத்தில் ஒரு அண்ணன், ஒரு தம்பி. இருவரும் விவசாயிகள். பாகம் பிரித்துக் கொண்டு பல வருஷம் ஆகிறது. இதுவரை வரப்புச் சண்டை வந்தது இல்லை. வாய்க்கால் சண்டை வந்தது இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்குள் ஒரு கம்ப்யூட்டர் சண்டை மூட்டப் பார்த்தது!

நடந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த குடும்பம். ஆகவே பெயர் வேண்டாம்.

அண்ணனுடைய நிலத்தின் சர்வே நம்பர் 41/12. ஊரில் இதை "நாற்பத்தொண்ணு பை பன்னெண்டு" என்பார்கள். தம்பியின் நிலம் 411/2. "நானூற்றுப் பதினொண்ணு பை ரெண்டு."

ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை போட வேண்டும். கையில் பணம் இல்லை. இருவரும் கடனுக்கு மனுப் போட முடிவு செய்தார்கள். இப்போதெல்லாம் மனுவை யாரும் கையில் வாங்குவது இல்லை. இன்டர்நெட்டில் அனுப்ப வேண்டும். இருவரும் பட்டாவை எடுத்துக் கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள்.

அங்கே இருந்த பையன் கெட்டிக்காரன். அண்ணனின் பட்டாவைப் படம் பிடித்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினான். அதற்குப் பெயர் வைக்க வேண்டும் அல்லவா? "பட்டா 41/12" என்று அடித்தான்.

கம்ப்யூட்டர் மறுத்து விட்டது! "இந்தக் குறியைப் பெயரில் போடக் கூடாது" என்று இங்கிலீஷில் சொன்னது.

"பெரியப்பா, சாய்ந்த கோட்டை மிஷின் எடுக்க மாட்டேங்குது. கோட்டை எடுத்துடறேன்" என்றான் பையன்.

"எப்படியோ போடு தம்பி. வேலை முடிஞ்சா சரி" என்றார் பெரியவர்.

"பட்டா 4112" என்று பெயர் வைத்தான்.

அடுத்தது தம்பியின் பட்டா. "பட்டா 411/2." மறுபடியும் அதே கோடு. அதையும் எடுத்தான். என்ன வந்தது? "பட்டா 4112"!

"இந்தப் பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. அதை எடுத்து விட்டு இதை வைக்கட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. வெளியே பத்துப் பேர் காத்து நின்றார்கள். பையன் படிக்கவில்லை. "சரி" என்று தட்டி விட்டான்.

அண்ணனின் பட்டா போயே போய் விட்டது. அந்த இடத்தில் தம்பியின் பட்டா உட்கார்ந்து கொண்டது. இரண்டு மனுவிலும் தம்பியின் பட்டாவே போயிற்று.

தம்பிக்குக் கடன் கிடைத்தது. அண்ணனின் மனு திரும்பி வந்தது. "பட்டா பொருந்தவில்லை" என்று காரணம் போட்டிருந்தது. மறுபடி அனுப்பி முடிப்பதற்குள் ஆடியும் போயிற்று, நல்ல மழையும் போயிற்று.

வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும்? "உங்க தம்பி ஏதோ உள்வேலை பண்ணியிருக்காரு" என்று அண்ணி சொன்னார். தம்பிக்கு அது எட்டியது. இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சு இல்லை!

யார் குற்றம்?

எல்லாரும் பையனைத் திட்டினார்கள். நான் திட்ட மாட்டேன்.

சர்வே நம்பரில் கோடு போட்டது பையன் அல்ல. நிலத்தை அளந்த காலத்தில் இருந்து வரும் வழக்கம் அது. கோட்டுக்கு முன்னால் இருப்பது புல எண். பின்னால் இருப்பது உட்பிரிவு எண். கோட்டை எடுத்தால் நிலமே மாறி விடும்.

குடியானவர் சொன்னதும் சரி. பையன் அடித்ததும் சரி. அதை வாங்கிக் கொள்ளத் தெரியாதது கம்ப்யூட்டர் புரோகிராம்தான். தெரியாததைக் கூட மன்னிக்கலாம். "கோட்டுக்குப் பதில் இந்தக் குறியைப் போடு" என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னதா? அதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் ஏன் கோட்டைக் கண்டு பயப்படுகிறது? அதைத் தெரிந்து கொண்டால்தான் நியாயம் பேச முடியும்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு தபால் முகவரி

கடிதத்தில் எப்படி விலாசம் எழுதுகிறோம்? தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் தாலுகா, பாப்பாரப்பட்டி, இன்ன தெரு, இன்ன வீடு.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். பெரிய பெட்டி. அதற்குள் சின்னப் பெட்டி. அதற்குள் காகிதம். ஒவ்வொரு பெட்டியின் பெயருக்கும் நடுவில் சாய்ந்த கோடு போடுவார்கள். இப்படி:

விவசாயம்/கடன்/பட்டா

அதாவது, விவசாயம் என்ற பெட்டிக்குள் கடன் என்ற பெட்டி. அதற்குள் பட்டா என்ற காகிதம்.

இப்போது "பட்டா 41/12" என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? "பட்டா 41 என்று ஒரு பெட்டி. அதற்குள் 12 என்று ஒரு காகிதம்" என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கொள்ளும். ஆகவே வேண்டாம் என்கிறது.

சாய்ந்த கோடு மட்டும் அல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒன்பது குறிகளுக்குத் தடை இருக்கிறது. அவை: < > : " / \ | ? *

இவற்றில் இடது பக்கம் சாயும் கோடு ஒன்று இருக்கிறது பாருங்கள். அதற்கு ஒரு கதை உண்டு. யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் பெட்டிகளைப் பிரிக்க வலது பக்கம் சாயும் கோட்டைப் போட்டார்கள். 1983-ம் ஆண்டு மைக்ரோசாப்ட் கம்பெனி தன்னுடைய டாஸ் புரோகிராமில் பெட்டி முறையைக் கொண்டு வந்தது. அப்போது அந்தக் கோட்டுக்கு அங்கே வேறு வேலை கொடுத்து விட்டிருந்தார்கள். ஆகவே எதிர்ப் பக்கம் சாயும் கோட்டை எடுத்துக் கொண்டார்கள். அன்று செய்ததற்கு இன்றைக்கும் நாம் கஷ்டப்படுகிறோம்!

ரத்தம் மாறினால்?

இன்டர்நெட் முகவரியில் இன்னும் வேடிக்கை.

அங்கே ஒவ்வொரு குறிக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. ? வந்தால், அதற்குப் பிறகு கேள்வி வருகிறது என்று அர்த்தம். # வந்தால், அதற்குப் பின்னால் இருப்பது பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டும் அடையாளம். அதை எதிர் முனைக்கு அனுப்பவே மாட்டார்கள். "வீட்டுப் பத்திரம் #2" என்று அப்படியே முகவரியில் போட்டால், "வீட்டுப் பத்திரம்" மட்டும்தான் போகும். 2 வழியிலேயே நின்று விடும்.

& என்ற குறி இரண்டு பதில்களைப் பிரிக்கும். "மணி & மகன்" என்று கடைப் பெயர் கொடுத்தால் "மணி" வரைக்கும்தான் போய்ச் சேரும். அப்பாவோடு கடை முடிந்து விடும். மகனுக்குப் பங்கு இல்லை!

சிரிக்கலாம். ஆனால் இதைக் கேளுங்கள்.

+ என்ற குறி, கேள்விப் பகுதியில் வந்தால் "காலி இடம்" என்று படிக்கப்படும். பழைய வழக்கம் அது. ஒருவருடைய ரத்தம் "ஓ பாசிட்டிவ்". அதை "ஓ+" என்று எழுதுகிறோம். புரோகிராம் எழுதியவர் கவனிக்காமல் அப்படியே முகவரியில் அனுப்பினால், எதிர் முனையில் "ஓ" மட்டும் வந்து நிற்கும். பாசிட்டிவ்வா, நெகட்டிவ்வா? யாருக்குத் தெரியும்?

ஒரு சின்னக் குறிதானே என்று இனி யாராவது சொல்லுவார்களா?

பரிகாரம் என்றோ இருக்கிறது

இதற்கு வழி கண்டுபிடிக்காமல் இல்லை. கண்டுபிடித்துப் பல வருஷம் ஆகிறது.

இன்டர்நெட் வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ. இங்கிலாந்துக்காரர். சுவிட்சர்லாந்தில் ஜெனிவா நகருக்கு அருகே உள்ள அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது, 1989-ம் ஆண்டு அந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1994-ம் ஆண்டு அவரும் மற்றவர்களும் சேர்ந்து முகவரிக்கு விதி எழுதினார்கள்.

விதி சுலபம். உத்தியோகம் உள்ள குறியைச் சாதாரண எழுத்தாக அனுப்ப வேண்டுமா? அதற்கு முகமூடி போடு! சதவீதக் குறியைப் போட்டு, பின்னால் அந்தக் குறியின் நம்பரைப் போடு.

காலி இடத்தின் நம்பர் 32. ஆனால் முகவரியில் %20 என்று இருக்கும். அது ஏன்?

பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1957 வரை நமக்கு ரூபாய்க்கு 16 அணா. 32 அணா என்றால் எவ்வளவு? 2 ரூபாய், 0 அணா. அதுதான் 20! கம்ப்யூட்டர் இன்னும் அணாக் கணக்கில்தான் இருக்கிறது.

சதவீதக் குறியின் நம்பர் 37. அதாவது 2 ரூபாய் 5 அணா. ஆகவே %25. சாய்ந்த கோட்டின் நம்பர் 47. அதாவது 2 ரூபாய் 15 அணா. ஒன்பது அணாவுக்கு மேல் போனால் எழுத்துப் போடுவார்கள். 15-க்கு "எஃப்". ஆகவே சாய்ந்த கோடு %2எஃப்.

முகமூடி போடுவது அனுப்புகிற புரோகிராமின் வேலை. கழற்றுவது வாங்குகிற புரோகிராமின் வேலை. ஒரு முறை போட வேண்டும். ஒரு முறை கழற்ற வேண்டும். இரண்டு முறை போட்டால் %20 என்பது %2520 ஆகி விடும். கவருக்குள் கவர் வைத்த கதை. பிரித்தவர் உள்ளே இன்னொரு கவரைப் பார்த்து விழிப்பார். இன்டர்நெட்டில் "பக்கம் கிடைக்கவில்லை" என்று அடிக்கடி வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டு எழுத்து, 126 குறி

தமிழுக்கு என்ன கதி?

பாப்பாரப்பட்டி. நம் கணக்கில் எட்டு எழுத்து. பா, ப், பா, ர, ப், ப, ட், டி.

கம்ப்யூட்டர் கணக்கு வேறு. 1991-ம் ஆண்டு வெளிவந்த யூனிகோட் முறையில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கு நம்பர் கொடுத்தார்கள். தமிழும் அப்போதே அதில் இடம் பெற்றது. ஆனால் அங்கே "பா" என்பது ஒன்று அல்ல. "ப" ஒன்று, கால் ஒன்று. "ப்" என்றால் "ப" ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிப் பிரித்தால் பாப்பாரப்பட்டி 14 துண்டு ஆகிறது.

ஒவ்வொரு துண்டையும் எழுத மூன்று பைட் வேண்டும். 14-ஐ மூன்றால் பெருக்கினால் 42. முகவரியில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் வரும். 42-ஐ மூன்றால் பெருக்கினால் 126!

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தின் முகவரியை எடுத்து நண்பருக்கு அனுப்பிப் பாருங்கள். பல சமயம் முழ நீளத்துக்குச் சதவீதக் குறியாக வரும். பயப்படாதீர்கள். வைரஸ் அல்ல. நம் தமிழ்தான் முகமூடி போட்டுக் கொண்டு போகிறது.

இதனால் ஒரு நஷ்டமும் உண்டு. லினக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒரு பைலின் பெயர் பெரும்பாலும் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. இங்கிலீஷ் என்றால் 255 எழுத்து. தமிழ் என்றால் 85 துண்டுதான். நீளமாகப் பெயர் வைத்தால் ஏற்காது. விவரம் தெரியாத புரோகிராம் ஒரு எழுத்தின் நடுவிலேயே வெட்டி விடும். கட்டம் கட்டமாகத் தெரியும்.

இன்னொரு கூத்து. நம் தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூரை எடுத்துக் கொள்வோம். "தொ" என்பதை இரண்டு விதமாகப் பதியலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகப் பதியலாம். கொம்பு தனி, கால் தனி என்றும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. நேற்று வைத்த பைலை இன்று தேடினால் "இல்லை" என்று சொல்லும். கண் முன்னால் இருக்கிற பைலை இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டையும் ஒன்றாக்கி விட்டுப் பிறகு தேடு என்று யூனிகோட் முறையே வழி சொல்கிறது. செய்தால்தானே!

"இங்கிலீஷில் எழுதினால் என்ன?"

சிலர் இப்படிக் கேட்பார்கள். "தமிழும் வேண்டாம், குறியும் வேண்டாம். இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்தால் தொல்லை இல்லையே?"

தொல்லை அப்போதுதான் ஆரம்பம்! பாப்பாரப்பட்டிக்கு இங்கிலீஷில் எத்தனை "பி"? ஒரு "டி"யா, இரண்டு "டி"யா? கடைசியில் "ஐ"யா, "ஒய்"யா? ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். தமிழில் ஒரே விதம்தான். தேட வேண்டிய பெயருக்கு எது நல்லது?

மேலும், 41/12-ஐ எந்தப் பாஷையில் எழுதினாலும் கோடு கோடுதான்.

இன்னும் சிலர் ஒரு நியாயம் சொல்லுவார்கள். "இரண்டு புள்ளியும் சாய்ந்த கோடும் சேர்த்துப் போட்டால், பெட்டியை விட்டு மேல் பெட்டிக்குப் போகலாம். திருடர்கள் அந்த வழியாக உள்ளே நுழைவார்கள். ஆகவே தடுக்கிறோம்" என்பார்கள்.

இது உண்மை. அப்படி நுழைகிறவர்கள் இருக்கிறார்கள். காவல் வேண்டியதுதான். ஆனால் திருடன் வருவான் என்று கதவுக்குப் பூட்டுப் போடலாம். வாசலைச் சுவர் வைத்து அடைக்கலாமா? வீட்டுக்காரன் எப்படிப் போவான்?

இதற்கும் நல்ல வழி இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனில் மூட்டையைப் பாதுகாப்பு அறையில் கொடுத்தால் என்ன செய்கிறார்கள்? மூட்டைக்கு அவர்கள் ஒரு நம்பர் போட்டு வைக்கிறார்கள். உங்கள் பெயரை நோட்டில் எழுதிக் கொள்கிறார்கள். புரோகிராமும் அப்படிச் செய்யட்டும். உள்ளே தனக்குப் பிடித்த நம்பரில் வைத்துக் கொள்ளட்டும். வெளியே "பட்டா 41/12" என்று நாம் வைத்த பெயரையே காட்டட்டும். திருடனும் வர முடியாது. குடியானவனுக்கும் குழப்பம் இல்லை.

நடக்காத காரியம் அல்ல இது. தமிழ்நாட்டில் பட்டா பார்க்கும் அரசு இன்டர்நெட் சேவையில், புல எண்ணுக்கு ஒரு கட்டம், உட்பிரிவு எண்ணுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். கோட்டுப் பிரச்னையே அங்கே எழவில்லை. மற்றவர்களும் இப்படி யோசித்தால் என்ன?

தமிழுக்கு இடம் கொடுக்க விதி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005-ம் ஆண்டு ஜனவரி மாதம் முகவரி விதியைத் திருத்தி எழுதினார்கள். அதே மாதம் வந்த இன்னொரு விதியில், உலக மொழிகளின் எழுத்துகளை முகவரியில் எழுதலாம் என்று வழி செய்து விட்டார்கள். இருபது வருஷம் தாண்டி விட்டது. இன்னும் "ஸ்பெஷல் குறி போடாதே" என்று குடியானவனை மிரட்டுவது நியாயமா?

கேட்பது மூன்றே மூன்று

புரோகிராம் எழுதும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். உங்களில் பலர் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான்.

ஒன்று: ஒரு குறியை ஏற்க முடியாவிட்டால், எந்தக் குறி, அதற்குப் பதில் என்ன போடலாம் என்று தமிழில் சொல்லுங்கள்.

இரண்டு: சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குறியையும் நீக்காதீர்கள். 41/12-ஐ 4112 ஆக்குவதை விட, "முடியாது" என்று சொல்வது மேல்.

மூன்று: புரோகிராமை எழுதி முடித்ததும் பாப்பாரப்பட்டி, தொப்பூர், 411/2, ஓ+, மணி & மகன் என்று அடித்துப் பாருங்கள். ஐந்தும் போன மாதிரியே திரும்பி வந்தால், உங்கள் புரோகிராம் ஊருக்குள் வரலாம்.

அதுவரை நாம்?

அவர்கள் திருந்தும் வரை நம் காகிதத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

சாய்ந்த கோட்டுக்குப் பதில் படுக்கைக் கோடு போடுங்கள். "பட்டா 41-12" என்று வையுங்கள். கோட்டை ஒரேயடியாக எடுத்து விடாதீர்கள்.

தேதிக்கும் அப்படியே. பாப்பாரப்பட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தியாகி சுப்பிரமணிய சிவா பற்றிக் கட்டுரை எழுதுவது உண்டு. அவர் காலமானது இந்த ஊரில்தான். அந்தத் தேதியை 23/7/1925 என்று போட்டுக் கட்டுரைக்குப் பெயர் வைத்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. 1925-07-23 என்று போட்டால் ஏற்கும். வருஷத்தை முதலில் போட்டால் எல்லாத் தேதியும் வரிசையாகவும் நிற்கும்.

பைலின் பெயரில் #, %, &, ?, + போடாதீர்கள். "ஓ பாசிட்டிவ்" என்று எழுத்தால் எழுதுங்கள்.

"எடுத்து விட்டு வைக்கட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால், படிக்காமல் "சரி" என்று தட்டாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

மனுவை அனுப்பும் முன், "இதைத் திறந்து காட்டு தம்பி" என்று சொல்லி, உங்கள் பட்டாவை உங்கள் கண்ணாலே பாருங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும்.

அந்த அண்ணன் தம்பி என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா?

சென்டர் பையனே ஒரு நாள் இருவர் வீட்டுக்கும் போனான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். "கோட்டை எடுத்தது நான்தான் பெரியப்பா. சித்தப்பா மேல ஒரு தப்பும் இல்லை" என்றான். அன்று ராத்திரியே தம்பி, அண்ணன் வீட்டில் வந்து சாப்பிட்டார்.

பேச்சு வந்து விட்டது. ஆனால் அந்த ஆடிப் பட்டம் வந்ததா? நாற்பத்தொண்ணு பை பன்னெண்டு அந்த வருஷம் தரிசாகக் கிடந்தது.